ஒன்றுக்கு ஒன்று!

சிங்கப்பூரும் புருனையும் சின்னஞ்சிறு நாடுகள். ஒரு நாட்டு டாலரை மற்ற நாட்டு வங்கியில் கொடுத்தால், ஒன்றுக்கு ஒன்று! கழிவு கிடையாது.

1967-ல் மலேசியாவும் சேர்ந்து மூன்று நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. 1973-ல் மலேசியா விலகிக்கொண்டது. அதுவரை அங்கும் ஒன்றுக்கு ஒன்றுதான். 2024-ல் ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது!

இந்த ஏற்பாட்டினால் புருனை இஷ்டப்படி நோட்டு அடிக்க முடியாது. இது சுதந்திரத்துக்குக் குறைவல்லவா? குறைவே இல்லை. கண்டபடி நோட்டு அடித்தால் விலைவாசி ஏறும். ஏழையின் சேமிப்புதான் முதலில் கரையும். சிறிய நாடு தன் கையைத் தானே கட்டிக்கொண்டது புத்திசாலித்தனம்.

தமிழில் காசுக்கு 'நாணயம்' என்று பெயர். நேர்மைக்கும் அதே பெயர்தான். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் குடும்பம் பிழைக்கும், நாடும் பிழைக்கும்!