செய்து கற்கட்டும் விண்வெளி மாணவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்வெளிப் பொறியியல் படிப்பு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாடத்திட்டத்தை விரிவாகப் பேசிய கட்டுரை, செய்முறைப் பயிற்சியைத் தொடாதது பெருங்குறை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ செயற்கைக்கோளான அனுசாட் 2009 ஏப்ரல் 20-இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் மூலம் விண்ணுக்குச் சென்றது. மறு ஆண்டே கர்நாடக, ஆந்திரப் பொறியியல் மாணவர்கள் உருவாக்கிய, ஒரு கிலோவுக்கும் குறைவான ஸ்டுட்சாட் பறந்தது. 2011-இல் எஸ்.ஆர்.எம்.சாட், 2016-இல் சத்தியபாமாசாட். நம் மாணவர்களால் முடியும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

அதிர்வுச் சோதனையில் விட்டுப்போகும் ஒரு பற்றவைப்பு, எடை வரம்பை மீறும் ஒரு பேட்டரி, சூரிய ஒளி இல்லாத நேரத்துக்கு மின்சாரத்தைச் சேமிக்கும் கணக்கு: இவற்றைத் தேர்வுத்தாள் கற்றுத்தராது. ஆனால் பல கல்லூரிகளில் புராஜெக்ட் என்பது கடைசி ஆண்டின் சடங்காகவே முடிகிறது. அதைப் பணம் கொடுத்து வாங்குவோரும் உண்டு.

இரண்டாம் ஆண்டிலேயே குழுத் திட்டங்கள் தொடங்க வேண்டும். காற்றுச் சுரங்கம், அதிர்வு மேசை போன்ற விலையுயர்ந்த கருவிகளை அருகருகே உள்ள கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளலாம். தோல்வியை ஆராய்ந்து எழுதும் அறிக்கைக்கும் மதிப்பெண் தர வேண்டும். பல்கலைக்கழகங்கள் இவற்றை வரும் கல்வியாண்டிலேயே நடைமுறைப்படுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர்,
தாம்பரம்.