சத்தம் எங்கே போச்சு?

திருநாவலூர் என்றதும் சுந்தரர் நினைவுக்கு வருவார். அங்கே ஒரு வீடு. அரசு தந்த விலையில்லா லேப்டாப்பில், அப்போதே பாஸ் லினக்ஸ் பார்த்துப் பழகிய பேரன், இப்போது லினக்ஸ் மின்ட் 21-ஐ 22-க்கு மாற்றிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். காலையில் தாத்தா தேவாரம் போடுகிறார். பாட்டு ஓடுகிறது, சத்தம் இல்லை. 'ஸ்பீக்கர் போச்சு' என்று உளுந்தூர்பேட்டை கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

2024-ல் வந்த மின்ட் 22, ஒலியைக் கவனித்துவந்த பல்ஸ்ஆடியோவை மாற்றி பைப்வயரை உட்கார வைத்தது. புது மேலாளர் வந்தால் பழைய ஏற்பாடுகள் சில மாறத்தானே செய்யும்! பல சமயம் ஒலி, டிவிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. வழியில் போய்க்கொண்டிருக்கும். சவுண்ட் செட்டிங்ஸில் 'அவுட்புட்' பகுதிக்குப் போய் ஸ்பீக்கரைத் தொட்டாலே பாதிப் பேருக்குப் பாட்டு வந்துவிடும்.

வரவில்லையா? டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 விசையால் சரியான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். கம்பத்தின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் அது ஊமையாக்கப்பட்டிருக்கிறது. 'எம்' விசையைத் தட்டினால் வாய் திறக்கும்.

அதற்கும் மசியாவிட்டால், பழைய மின்ட் இருக்கும் பென்டிரைவில் இருந்து லேப்டாப்பை இயக்கிப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கிறது, கோளாறு மென்பொருளில்தான். அதிலும் வரவில்லை என்றால் மட்டும் கடைக்குக் கிளம்பலாம்.