டிஜிட்டல் பொய் சொல்லாதா?

செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் பிரம்மனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் ஓர் ஆலயத்தை விசித்திரசித்தன் என்னும் அரசன் நிர்மாணித்தான் என்று மண்டகப்பட்டுக் குடைவரையின் வடமொழிச் சாசனம் கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்தான் அது. எங்கள் விழுப்புரம் பக்கத்தில் மேடையேறுகிறவர் எவருக்கும் இந்தச் சாசனம் கைகொடுக்கும். சில வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த பேச்சாளர் ஒருவரும் அதையே பிடித்துக்கொண்டார். மன்னன் நான்கு பொருள்களைத் துறந்து கோயில் எடுத்தது போல நாமும் கண்ணாடிக் குழாயையும் பாதரசத்தையும் துறந்துவிட்டோம் என்றும், டிஜிட்டல் சென்சார் பொய் சொல்லாது என்றும், விலை கூடியதை வாங்கிப் பொருத்தினால் துல்லியம் தானே வரும் என்றும் அவர் முழங்கியபோது கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. அன்று முதல் ஆர்டுயினோ பலகையும் நாலு ஜம்பர் ஒயரும் வைத்திருக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து அந்த வாசகத்தை மந்திரம் போல் ஒப்பிக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மன்னனை முதலில் இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடுகிறேன். அவன் துறந்தது நான்கு பொருள்களை, அளவைத் துறக்கவில்லை. அடியிலும் தலையிலும் சதுரமாகவும் நடுவில் எண்பட்டையாகவும் அந்தத் தூண்களைச் செதுக்கியவர்கள், பாறையில் ஒரு முறை உளி தவறினால் திருத்த வழியில்லை என்பதை அறிந்து, கயிறு பிடித்துப் பிடித்துப் பார்த்தே வெட்டியிருக்க வேண்டும். ஒன்றோடு ஒன்றை ஒத்துப்பார்க்காமல் கருவியை நம்பு என்று சொல்வதற்கு அந்தக் கோயிலைச் சாட்சிக்கு அழைப்பது அநியாயம்.

விலையைப் பற்றிய வாதத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீல நிற டிஎச்டி11 உஷ்ண சென்சார் இரண்டு டிகிரி வரை பிசகலாம் என்றும், வெள்ளை நிற டிஎச்டி22 அரை டிகிரிதான் பிசகும் என்றும் அவற்றைச் செய்கிறவர்களே எழுதித் தருகிறார்கள். பின்னது மேல் என்பதில் எனக்கும் ஆக்ஷேபணை இல்லை.

தசம ஸ்தானங்களின் மயக்கம்தான் பெரிது. டிஎஸ்18பி20 என்னும் சில்லு ஒரு டிகிரியைப் பதினாறு பங்காக்கி 0.0625 வரை எண்ணிக் காட்டும். பதினாறில் ஒரு பங்கை எண்ணத் தெரிந்ததனாலேயே அந்த ஒரு பங்கு வரைக்கும் அது சரியாக இருக்கும் என்று கருதுவது, டேப்பில் நுண்ணிய கோடுகள் இருப்பதனால் இழுபட்டு நீண்டுபோன டேப்பும் சட்டைக்குச் சரியான அளவு எடுக்கும் என்று தையற்காரர் கருதுவதற்கு ஒப்பாகும். -10 முதல் 85 டிகிரி வரை இப்படியோ அப்படியோ அரை டிகிரி என்பதே அதற்கு அளிக்கப்பட்டுள்ள உத்தரவாதம். ஆகையால் திரையில் 37.44 என்று பளிச்சிட்டால், உண்மை ஏறக்குறைய 37-க்கும் 38-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்றுதான் பொருள். அதுவும் சில்லு அசலாக இருந்தால். போலிகள் உலகெங்கும் மலிந்திருக்கின்றன. போலியின் முதுகில் அதே எழுத்துகளை அச்சிட்டுவிட்டதனால் அசலின் உத்தரவாதம் அதற்கு வந்துவிடாது.

அனலாக் என்றாலே குத்துமதிப்பு என்று அந்தப் பேச்சாளர் ஒதுக்கித் தள்ளிய எல்எம்35 சென்சாருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் என்று ஒழுங்காகத்தான் கொடுக்கிறது. நம் பிள்ளைகள், அதை அளக்க அளவுகோலாக நிற்கிற யுஎஸ்பி ஒயரின் மின்சாரத்தை 5 வோல்ட் என்று அளந்து பாராமலே நிரலில் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே 4.7 வோல்ட்தான் இருந்தால், 37.5 டிகிரி உஷ்ணம் திரையில் கிட்டத்தட்ட 40 ஆகிவிடும். பிசகியது சென்சாரா, நாம் பிடித்த அளவுகோலா என்று ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இதெல்லாம் ஏட்டு வாதம் என்று நினைக்கிறவர்களுக்காக, கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பையன் தெர்மகோல் பெட்டியில் 40 வாட் குண்டு பல்பும் ரிலேயும் வைத்து, நாட்டுக்கோழி முட்டை 30 வாங்கி, அடைகாக்கும் பெட்டி ஒன்று செய்தான். கோழி 21 நாள் தன் உடற்சூட்டால் செய்கிற வேலையை இவன் பெட்டி 37.5 டிகிரியில் செய்ய வேண்டும். அதற்குச் சற்றுக் குறைந்தால் பொரிப்பது தாமதமாகும். இரண்டு டிகிரி கூடி அப்படியே நின்றுவிட்டால் கரு பிழைக்காது. பொய் சொல்லாத டிஜிட்டல் சென்சாராகவே, நீர் புகாத எஃகுக் குழாயில் அடைத்த டிஎஸ்18பி20-ஐ அவன் பொருத்தியிருந்தான்.

ஒன்பதாம் நாள் இரவு பிரெட்போர்டிலிருந்து ஓர் ஒயர் நழுவிவிட்டது. சென்சாரிடமிருந்து பதில் வராதபோது, இந்தச் சில்லுக்காக எல்லாரும் எடுத்தாளுகிற நிரல் தொகுப்பு தொடர்பு அறுந்தது என்று வார்த்தையில் சொல்லாது. -127 என்று ஓர் உஷ்ணத்தைத் திருப்பித் தரும். 37.5-க்குக் கீழே இருந்தால் பல்பை ஏற்று என்பது ஒன்று மட்டுமே அவன் எழுதிய நிரலுக்குத் தெரியும். பூமியில் எந்த இடத்திலும் இல்லாத அந்தக் குளிரைக் கேட்டதும் அது பல்பை ஏற்றி, விடியும் வரை அணைக்கவில்லை. காலையில் மூடியைத் திறந்தபோது முகத்தில் அடித்த அனலை நான் இன்னும் மறக்கவில்லை. அவனுடைய ஆயா ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றி, சட்டென்று எடுத்துவிட்டு, “அவ்ளோவும் கூமுட்டைதான்டா” என்றார். பையன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதில் -127.00 என்று, இரண்டு தசம ஸ்தானங்களோடு, சிறிதும் தயக்கமில்லாமல் எழுதியிருந்தது.

இந்தச் சில்லு முழு நுட்பத்தோடு ஒரு முறை அளக்க முக்கால் விநாடி பிடிக்கும். மின்சாரம் வந்தவுடன், முதல் அளவை முடிவதற்குள் கேட்டால், எதையும் அளக்காமலே 85 என்று பதில் சொல்லும். அளக்காத உஷ்ணத்தை அளந்தது போலச் சொல்வதற்குப் பொய் என்பதைத் தவிர வேறு என்ன பெயர் வைப்பது?

அடுத்த முறை முட்டை வைப்பதற்கு முன், “சார், ஒரு தடவை வந்து பாருங்க” என்று அவனே வந்து அழைத்தான். நான் காய்ச்சல் பார்க்கிற தர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். 35 முதல் 42 வரைக்கும் மட்டுமே அளக்கத் தெரிந்த அந்தக் கண்ணாடிக் குச்சி, அந்தச் சிறு எல்லைக்குள் டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வரை நம்பத்தக்கது. நம் வீடுகளில் இருக்கும் உஷ்ணமானிகளில் அதற்கு நிகர் வேறில்லை. திரையில் 37.5 இருந்தபோது, முட்டை வைக்கும் தட்டில் படுக்கவைத்த தர்மாமீட்டர் 36-ஐ எட்டவில்லை. சென்சார் மூடியின் உட்புறத்தில், பல்புக்கு ஒரு சாண் தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே ஏறி நிற்கும் என்பதை அந்தப் பேச்சாளர் யாருக்கும் சொல்லவில்லை. சென்சாரை அவிழ்த்துத் தர்மாமீட்டரோடு சேர்த்து நூலால் கட்டித் தட்டின் மேல் வைத்தோம். வித்தியாசம் 0.4 ஆகக் குறைந்தது. மறைந்துபோன ஒரு டிகிரிக்கு மேற்பட்ட பிசகு முழுவதும் அது முன்பு தொங்கிய இடத்தினுடையது. பத்து மடங்கு விலை கொடுத்து வேறொரு சென்சார் வாங்கி அதே மூடியில் தொங்கவிட்டிருந்தாலும் அந்த ஒரு டிகிரி அப்படியேதான் இருந்திருக்கும்.

வானிலை நிலையங்களில் உஷ்ணமானியை வெயிலும் மழையும் படாமல், காற்று மட்டும் நுழையும்படி சாய்ந்த பலகைகள் அடித்து வெள்ளை பூசிய மரப்பெட்டிக்குள், தரைக்கு நாலடி உயரத்தில் வைப்பதன் சூட்சுமம் இதுதான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்து, புணேயில் ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களை முறைப்படுத்திய அன்னா மணி அம்மையார், ஒரு கருவியை இன்னொன்றோடு ஒத்துப்பார்க்கிற வேலைக்குத் தம் ஆயுளில் எவ்வளவோ பகுதியைக் கொடுத்தார். அந்தக் கண்காட்சி மேடையில் அவர் பெயர் ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை என்பது எனக்கு இன்னமும் வருத்தம்.

ஒத்துப்பார்க்க ஆய்வகம் வேண்டுமே என்று ஆட்சேபிப்பார்கள். ஐஸ் கட்டியை உடைத்துத் தண்ணீரோடு கலந்து ஒரு டம்ளரில் வைத்தால் அதுவே 0 டிகிரி. விழுப்புரம் கடல்மட்டத்தை ஒட்டிய ஊராகையால், கொதிக்கிற தண்ணீர் ஏறக்குறைய 100.

பையன் இப்போது பெட்டியின் மேல் ஓர் அட்டையில் வித்தியாசத்தை எழுதி ஒட்டியிருக்கிறான். நம்பமுடியாத எண் எது வந்தாலும் பல்பு அணைந்து பஸ்ஸர் ஒலிக்கும்படி நிரலில் இரண்டு வரி சேர்த்திருக்கிறான். வைத்திருக்கும் 30 முட்டைக்கு இன்று பன்னிரண்டாம் நாள். அவனுடைய ஆயா காலையில் எழுந்ததும் ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைக்கிறார்; அவன் வேண்டாம் என்று சொல்வதில்லை.