தொண்டைமானின் கொட்டிலும் கொல்லனின் பட்டறையும்

பாதுகாப்புத் தொழில்நுட்பம், புத்தொழில் நிறுவனம், அரசு மானியம் என்ற சொற்கள் காதில் விழுந்தவுடன் நம் இலக்கிய நண்பர்கள் முகஞ்சுளித்து வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறார்கள். அது வணிகப் பக்கத்துச் சரக்கு, ஆயுதம் அறத்துக்குப் புறம்பானது, எழுத்தாளனுக்கு அங்கே என்ன வேலை என்பது அவர்களுடைய வாதம். இவ்வாதத்தை நாம் ஏற்கவில்லை. அறத்தின் பெயரால் செய்யப்படும் சோம்பல் என்றே இதனைக் கருதுகிறோம்.

நந்தனத்தையே எடுத்துக்கொள்வோம். அண்ணா சாலையை ஒட்டி அங்கே மூன்று இடங்கள் உள்ளன. ஒன்று, அண்மை ஆண்டுகளில் சென்னைப் புத்தகக் காட்சி நடந்துவரும் ஒய்.எம்.சி.ஏ. திடல். மற்றொன்று அரசு கலைக் கல்லூரி. மூன்றாவது, மெட்ரோ ரயில் நிறுவனத்தின் தலைமையகம். தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கத்தின் அலுவலகம் அக்கட்டடத்தில்தான் இயங்குகிறது. திடலுக்கு நாம் சனவரிதோறும் போகிறோம்; புழுதியைக் குறை சொல்லிக்கொண்டே பைகளை நிரப்புகிறோம். கல்லூரியில் நம் சக ஆசிரியர்கள் பாடம் சொல்கிறார்கள். மூன்றாவது கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது, அங்கிருந்து யாருக்குப் பணம் போகிறது, எந்த நிபந்தனையில் போகிறது என்பதைப் பற்றி ஒரு சிற்றிதழிலாவது நான்கு பக்கம் வந்து நாம் படித்ததில்லை.

நடப்பது இதுதான். 2018 ஏப்ரல் 12 அன்று, மாமல்லபுரம் சாலையில் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியில் பிரதமர் 'ஐடெக்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அன்றைய தினம் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுச் சென்னையில் பறந்த கறுப்புப் பலூன்களை நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், வைத்திருக்க வேண்டியதும்தான். அதே நாளில், அதே மண்ணில் பிறந்த இத்திட்டத்தை மட்டும் மறந்துபோனோம். முப்படைகளும் தமக்குத் தேவையான கருவிகளைச் சவால்களாக அறிவிக்கும். புத்தொழில் நிறுவனங்களும் சிறு குறு தொழிலகங்களும் தனி ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானவர்களுக்கு முன்மாதிரி செய்ய 1.5 கோடி ரூபாய் வரை மானியம். பின்னர் இதன் விரிவாக 10 கோடி வரை ஒரு பிரிவு வந்தது. 2024 மார்ச்சில் தொடங்கிய 'அதிதி' திட்டத்தில் இது 25 கோடி வரை உயர்ந்தது. அதற்கென ஒதுக்கியது 750 கோடி. மாநிலமும் சும்மா இருக்கவில்லை. 2019 சனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, கோவை, சேலம், ஓசூர், திருச்சி ஆகிய ஐந்து முனைகளைக் கொண்டது. 2022இல் வந்த மாநிலத்தின் வானூர்தி மற்றும் பாதுகாப்புத் தொழிற்கொள்கை பத்தாண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீட்டை இலக்காகச் சொல்கிறது.

இவ்வளவு பணம் மக்களுடையது. இதைப் பற்றிப் பேசும் மொழி மட்டும் மக்களுடையதாக இல்லை.

நாம் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் பாட்டு ஒன்று உண்டு. புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையிடம் அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த இடத்தில் பளபளக்கின்றன அவனுடைய ஆயுதங்கள். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. பாடாண் திணை, வாண்மங்கலம் என்று துறை சொல்லி, பழிப்பது போலப் புகழ்தல் என்று அணி நயம் காட்டி, அடுத்த பாட்டுக்குப் போய்விடுவது நம் வழக்கம். ஆனால் அப்பாட்டில் மூன்றாமவன் ஒருவன் இருக்கிறானே. முறிந்த நுனியைத் திருத்தும் கொல்லன். அவனுடைய பட்டறை இல்லாமல் ஔவையின் பெருமிதத்துக்கு நிற்க இடமில்லை.

திருவிடந்தை தொண்டை நாட்டு ஊர். அங்கே 2018இல் நடந்தது தொண்டைமானின் கொட்டிலைத் திறந்துகாட்டும் நிகழ்ச்சிதான். மயிற்பீலிக்குப் பதில் மின்விளக்கு. கொல்லன் எங்கே என்று கேட்பதுதான் தமிழ் படித்தவனின் வேலை என்று நாம் நினைக்கிறோம்.

கொல்லன் கிண்டியில் இருக்கிறான். 1958இல் தொடங்கிய தொழிற்பேட்டையில், நந்தனத்திலிருந்து சில நிமிடப் பயணத்தில். அம்பத்தூரில் இருக்கிறான், கோவை குறிச்சியில் இருக்கிறான். கடைசல் பிடிக்கும் கை அது; மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குப் பிசகை விரல் நுனியால் சொல்லிவிடும். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலும் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் தலைமுறை தலைமுறையாக இருந்தவன். அத்தொழிற்சாலைகளை நிர்வகித்த வாரியத்தைக் கலைத்து 2021 அக்டோபர் 1 முதல் ஏழு நிறுவனங்களாக்கினார்கள். அரசுத் தொழிலாளியிடம் 'நீ போட்டிக்குத் தயாராகு' என்று சொன்ன அதே அரசு, புதிதாக வருகிறவரிடம் 'வா, நாங்கள் பணம் தருகிறோம்' என்கிறது. இரண்டாவது பேச்சில் பிழையில்லை. அப்பேச்சு யார் காதில் விழும்படி பேசப்படுகிறது என்பதில்தான் சிக்கல்.

படைகளின் சவால் அறிக்கைகள் ஆங்கிலத்தில் வெளியாகின்றன. விண்ணப்பம் ஆங்கிலத்தில். தேர்வுக் குழுவின் முன் பத்து நிமிடம் பேசுவதும் ஆங்கிலத்தில். அதற்கென்று ஒரு தனி மொழிநடையே வளர்ந்துவிட்டது. அதில் தேர்ச்சி பெற்றவர்கள் பொருளைச் செய்யாமலே சபையைக் கவர்ந்துவிட முடியும். பொருளைச் செய்யத் தெரிந்தவர்கள் வாயடைத்து நிற்பார்கள். 'தொழில்நுட்பத்துக்கு ஏது மொழி' என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010இலேயே கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. அப்படிப் படித்து வெளியே வந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு சவால் அறிக்கையைத் தம் மொழியில் படிக்க வழி செய்யாத அரசு, அவர்களுக்குப் பட்டம் மட்டும் எதற்குக் கொடுத்தது?

மொழியைத் தாண்டினால் காசு. 'மானியம்' என்ற சொல்லைக் கேட்டால் இனாம் என்று தோன்றும். ஐடெக்ஸ் மானியம் ஈட்டுப் பங்கு கேட்பது: அரசு போடுவதற்கு ஈடாக நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும். தந்தை வழிச் சொத்தோ மாமனார் வழிச் சொத்தோ முதலீட்டாளர் நட்போ இல்லாத இளைஞன் இந்தப் படியிலேயே நின்றுவிடுவான். அதுவும் தவணை தவணையாக, ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துக் காட்டிய பிறகு வரும் பணம். முன்மாதிரி தேறிய பிறகும் படை அதைக் கொள்முதல் செய்யும்வரை ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். தாண்டியவர்கள் உண்டு. ட்ரோன் எதிர்ப்புக் கருவிக்காகச் சென்னையின் 'பிக் பேங் பூம் சொல்யூசன்ஸ்' 2023இல் விமானப்படையிடமும் தரைப்படையிடமும் 200 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தம் பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு வெற்றிக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது கொள்கையாகிவிடாது. 2025 சூலையில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒரு இலட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியைப் பாருங்கள். அது குறைந்த வட்டியில் அல்லது வட்டியில்லாமல் தரும் நீண்டகாலக் கடனும் பங்கு முதலீடும்; ஆய்வுக்கூடத்தில் ஏற்கனவே ஓரளவு மெய்ப்பிக்கப்பட்ட தொழில்நுட்பங்களுக்கானது. அந்நிலை வரை வந்துசேர முடியாதவனுக்கு அந்த இலட்சம் கோடி செய்தித்தாள் எண் மட்டுமே.

நந்தனத்து அலுவலகத்தை இதே தராசில் வைப்பது நேர்மையாகாது. அவர்களுடைய விதைநிதி 10 இலட்சம் ரூபாய், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் ஊரக, பசுமைத் தொழில்களுக்கும் 15 இலட்சம். அதற்கு ஈடாக மூன்று விழுக்காட்டுப் பங்கை இயக்கம் எடுத்துக்கொள்கிறது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கென்று 2022-23இல் 30 கோடியில் தொடங்கிய தனி நிதி, மறு ஆண்டு 50 கோடியானது. யாருக்கு வாசல் மூடியிருக்கிறது என்று யோசித்ததன் அடையாளம் இது. 'புத்தொழில்' என்ற நல்ல சொல்லையும் அவர்கள் வழங்குகிறார்கள். கலைச்சொல் உருவாக்கத்தில் நம் பல்கலைக்கழகங்கள் தூங்கிக்கொண்டிருக்க, ஓர் அரசு அலுவலகம் அதனைப் புழக்கத்தில் விட்டிருக்கிறது. ஆனால் பத்து, பதினைந்து இலட்சத்தில் ஒரு செயலி எழுதலாம். பறக்கும் கருவியைச் செய்து, சோதித்து, சான்று பெற முடியாது. சோதனைக் கூடங்களுக்கென நடுவண் அரசு 2020இல் அறிவித்த 400 கோடித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மூன்று கூடங்களுக்கான ஒப்பந்தம் 2024 சூலையில்தான் கையெழுத்தானது. நான்கு ஆண்டு இடைவெளி.

இப்போது அறம் பற்றிய வாதத்துக்கு வருவோம். ஆயுதத்தைத் தொடமாட்டோம் என்கிற நண்பர்கள் கலிங்கத்துப்பரணியின் கூழ் அடுதலைச் சுவைத்துச் சுவைத்துப் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். எண்ணூறு, ஆயிரம் ஆண்டு பழைய குருதி இலக்கியம். இன்றைய இரும்பு தீட்டு. 2009இல் முள்ளிவாய்க்காலில் வானிலிருந்து விழுந்தவற்றுக்காக அழுதவர்கள் நாம். ஆயுதம் எங்கே செய்யப்படுகிறது, யார் பணத்தில், யாருக்கு விற்கப்படுகிறது என்ற கேள்விகளிலிருந்து விலகும் உரிமை உலகில் யாருக்கிருந்தாலும் நமக்கில்லை. 2013-14இல் 686 கோடியாக இருந்த இந்தியாவின் பாதுகாப்பு ஏற்றுமதி 2024-25இல் 23,622 கோடியாயிற்று. கோவையில் செய்த கருவி நாளை எந்த ஊரின் மேல் வட்டமிடும் என்று கேட்க வேண்டியவன், அது கோவையில் செய்யப்படுவதையே அறியாமல் இருந்தால் எப்படிக் கேட்பான்? கைகழுவுகிறவனால் தடுக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

இது ஊகமல்ல. 2022 சூலையில் கடற்படை, குறைந்தது 75 உள்நாட்டுத் தொழில்நுட்பங்களைப் படையில் சேர்க்கும் நோக்கத்தோடு புத்தொழில்களுக்குச் சவால்களை அறிவித்தது. மூன்று மாதம் கழித்து, அக்டோபரில், பாக் நீரிணைப் பகுதியில் நம் கடற்படைக் கப்பல் சுட்டதில் தமிழக மீனவர் ஒருவர் காயமடைந்தார். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. எது விசைப்படகு, எது நாட்டுப்படகு, எது வலை இழுக்கும் வேகம், எது தப்பியோடும் வேகம் என்று எஞ்சின் ஓசையிலேயே பிரித்தறியும் மனிதர்கள் கோட்டைப்பட்டினத்திலும் மண்டபத்திலும் நாகையிலும் இருக்கிறார்கள். இருளில் படகை அடையாளம் காணும் கருவியைச் செய்ய விரும்பும் எந்த இளைஞனும் முதலில் போய் உட்கார வேண்டிய பள்ளிக்கூடம் அந்தக் கரைதான். அவர்கள் தமிழில்தான் சொல்லித்தருவார்கள். அந்த அறிவை வாங்கிக்கொள்ளும் பத்தி எந்த விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது?

எழுதப்படாத அறிவுக்கு என்ன நேரும் என்பதற்கும் தொண்டை நாட்டிலேயே சான்று கிடக்கிறது. 1780 செப்டம்பரில் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்புவும் பெய்லியின் படையைச் சிதறடித்தபோது மைசூர் ராக்கெட்டுகள் பெரும்பங்கு வகித்தன. இரும்புக் குழலில் வெடிமருந்தை அடைத்த கைவினைஞரின் வேலை அது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை இங்கிலாந்துக்குப் போயின. சில ஆண்டுகளில் காங்கிரீவ் என்பவரின் பெயரால் ராக்கெட்டுகள் வந்தன. காங்கிரீவ் தம் சோதனைகளை எழுதிவைத்தார், அச்சிட்டார். மைசூர்க் கொல்லனின் பெயர் நமக்கு ஏட்டில்கூட இல்லை.

எனவே நம் கோரிக்கை மிகச் சிறியது. அடுத்த சுற்றுச் சவால் அறிக்கைகள் தமிழிலும் வெளிவர வேண்டும்; தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் நேர்காணல் தரவும் வழி வேண்டும். ஈட்டுப் பங்கைப் போட முடியாத முதல் தலைமுறையினருக்கு அப்பங்கை மாநில அரசு ஏற்க வேண்டும். நந்தனத்து இயக்கத்தின் வழியாகவே இதனைச் செய்யலாம். ஒவ்வொரு மானியத்திலும் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பது சட்டமன்றத்தில் தமிழில் வைக்கப்பட வேண்டும். படை இரகசியம் என்று எல்லாவற்றையும் மூடிவைக்க முடியாது, பணம் இரகசியமல்ல. மொழிபெயர்க்க ஆளில்லை என்பார்களானால், இம்மாநிலத்தின் ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் ஒரு தமிழ்த்துறை இருக்கிறது. ஆய்வேடு என்ற பெயரில் அதே நாவலை எட்டாவது முறையாகக் கூறுபோடும் நம் மாணவர்கள், பட்டறைக்குப் போய்ச் சொல் திரட்டட்டும். நாமும் கூடப் போகிறோம்.

புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஒவ்வொருவருக்கும் கடமை வகுக்கிறார். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, வேல் செய்து தருவது கொல்லனுக்கு. வேந்தனின் கடமையைச் சொல்லுமிடத்தில் பாடவேறுபாடு உண்டு. 'நன்னடை' என்பது ஒரு பாடம். நல்லொழுக்கம் தருவது என்று பொருள் சொல்வார்கள். 'தண்ணடை' என்று பாடங்கொள்வோரும் உளர். மருதநிலத்தை மானியமாக வழங்குவது என்று பொருள்படும். நம் வகுப்பறைகளில் முதற்பாடத்தையே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். இவ்வாண்டு இரண்டாவதையும் கரும்பலகையில் எழுதப்போகிறோம்.