முப்பத்தைந்து நாள் மாதம்

பிளாங்-மெனிலில் இருந்து லாசப்பலுக்கு வருவதென்றால் ஆர்.ஈ.ஆர். 'பி' தொடருந்தில் கார் து நோர் வரை வந்து இறங்க வேண்டும். பிறகு கொஞ்சத் தூர நடை. சென்ற ஞாயிறு அந்தப் பயணத்தில் என் தங்கையின் மகன் தன்னுடைய வேலை என்னவென்று எனக்கு விளங்கப்படுத்தினான். காப்புறுதி நிறுவனமொன்றின் கணினிப் பிரிவில் இருக்கிறான். இரவில் எந்தக் கணக்கு முடிந்த பிறகு எந்தக் கணக்கு ஓடவேண்டும் என்று வரிசைப்படுத்துகிற மென்பொருள் ஒன்றைக் கவனிப்பதுதான் வேலையாம். "நான் பிறக்க முதலே எழுதின சாமான், மாமா" என்றான். பெயரைக் கேட்டேன். சீஏ-7 என்றான்.

அந்த இரண்டு எழுத்துகளும் எனக்குப் பழக்கமானவை. எண்பதுகளின் கடைசியில் பரிசுக்கு வந்த புதிதில், ஒரு வங்கியின் கணினி மண்டபத்தை இரவில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்திருந்தது. ஆளுயர அலுமாரிகள் மாதிரி இயந்திரங்கள், எலும்பைத் துளைக்கிற குளிர், கூடைகூடையாகக் கோடுபோட்ட அச்சுக் கடதாசி. நான் அள்ளிக் கொட்டிய கடதாசிகளின் தலைப்பில் அடிக்கடி கண்டது அந்த 'சீஏ'. கொம்பியூட்டர் அசோசியேற்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சுருக்கம் அது என்று பல வருடங்களுக்குப் பிறகு லாசப்பலில்தான் அறிந்தேன். 2000ஆம் ஆண்டு, ரூ காய் தெருவில் ஒரு கடைக்குள், அமெரிக்காவில் பெரிய கொம்பனியொன்றுக்குக் கொழும்பில் பிறந்த எங்கட ஆள் தலைவராக வந்திருக்கிறார் என்று ஒருவர் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். சஞ்சய் குமார் என்பது அவர் பெயர். பதினான்கு வயதில், 1976இல், குடும்பத்தோடு இலங்கையைவிட்டு அமெரிக்கா போன தமிழ்ப் பிள்ளை.

2006க்குப் பிறகு அந்தப் பெயரை லாசப்பலில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. வென்றவரை எங்கட ஆள் என்போம், விழுந்தவரைப் பற்றி மூச்சுவிட மாட்டோம். இது எங்களுக்கு மட்டும் உரிய குணமில்லைத்தான். ஆனால் இந்தப் பழக்கத்தால் எங்களுக்கு ஒரு நட்டம் உண்டு. ஆளையே பார்த்துக்கொண்டிருந்து, அவர் ஓட்டிய பொறி எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். அந்தப் பொறி இன்னும் ஓடுகிறது. ஐரோப்பாவில் இப்போது நடக்கிற ஒரு வழக்கைப் புரிந்துகொள்ளவும் அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினிகளின் தொடக்க காலத்தில் மென்பொருள் என்பது இயந்திரத்தோடு சும்மா வருகிற பொருள். 1969இல் ஐபிஎம் நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை என்று அறிவித்தது. அந்த அறிவிப்புத்தான் ஒரு புதிய சந்தையைத் திறந்துவிட்டது. ஷங்காயில் பிறந்து எட்டு வயதில் அமெரிக்கா வந்த சார்ள்ஸ் வாங், ரசல் ஆர்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1976இல் நியூயோர்க்கில் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் முதலில் விற்றது, பதிவுகளை வரிசைப்படுத்தும் ஒரு சிறு நிரல். அதுவும் சுவிஸ் நிறுவனமொன்றிடம் உரிமை பெற்று விற்றதுதான். ஐபிஎம்மின் நிரலைவிட வேகமாக அடுக்கும், அவ்வளவுதான் அதன் சிறப்பு. ஆனால் இயந்திர நேரம் பொன்னாக இருந்த காலத்தில் அது போதுமாயிருந்தது.

பிறகு அவர்கள் மென்பொருள் எழுதியதைவிட நிறுவனங்களை வாங்கியதே அதிகம். 1987இல் யூசெல் என்ற போட்டி நிறுவனத்தை 800 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். யூசெல்லின் யூசிசி-7 என்ற மென்பொருளே பெயர் மாறி சீஏ-7 ஆனது. யூசெல்லில் வேலைபார்த்த இருபத்தைந்து வயது சஞ்சய் குமாரும் அதே கொள்முதலோடு வந்து சேர்ந்தவர்தான். என் மருமகன் பராமரிக்கிற சாமானும் எங்கட ஆளும் ஒரே பெட்டியில் வந்து இறங்கியவர்கள்! 1989இல் கலினெற், 1995இல் லெஜன்ற், 1999இல் 3.5 பில்லியன் டொலருக்குப் பிளாட்டினம், 2000இல் ஏறத்தாழ 4 பில்லியனுக்கு ஸ்ரேர்லிங் என்று பட்டியல் நீண்டது. ஆண்டு வருமானம் ஒரு பில்லியன் டொலரை முதலில் தாண்டிய மென்பொருள் நிறுவனம் மைக்ரோசொவ்ற் அல்ல, இவர்கள்தான், அது 1989இல்.

வாங்கிய பிறகு என்ன செய்வார்கள்? பெருமளவு ஊழியரை நிறுத்துவார்கள், வாடிக்கையாளரை மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஒரு வங்கி தன் இரவுக் கணக்குகளை ஒரு மென்பொருளின் மேல் கட்டிவிட்டால் பிறகு அதைக் கழற்றுவது இலேசில்லை. சுவருக்குள் புதைத்த தண்ணீர்க் குழாய் மாதிரி. மாற்றுவதென்றால் சுவரையே இடிக்கவேண்டும். ஆகவே வாடிக்கையாளர் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார். இயந்திரத்தின் வலு கூடினால் கட்டணமும் கூடும். இதை நான் வியாபாரம் என்பதைவிடக் குத்தகை என்றுதான் சொல்வேன்.

குத்தகை நிச்சயமானது, ஆனால் வேகமாக வளராது. பங்குச்சந்தைக்கோ ஒவ்வொரு காலாண்டும் வளர்ச்சி வேண்டும். 1998இல் வாங், குமார், ஆர்ட்ஸ் மூவருக்கும் சேர்த்து 1.1 பில்லியன் டொலர் பெறுமதியான பங்குகள் வழங்கப்பட்டன. பங்கின் விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் அறுபது நாள் நிற்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. குமாரின் பங்கு ஏறத்தாழ 330 மில்லியன். விலையைத் தூக்கி நிறுத்தவேண்டிய தேவை யாருக்கு இருந்தது என்று வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இங்கேதான் அந்த முப்பத்தைந்து நாள் மாதம் வருகிறது. அவர்களுடைய மென்பொருள் ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கு உரியவை. கையெழுத்தான அன்றே முழுத் தொகையின் பெரும்பகுதியை வருமானமாகக் காட்டிவிடுவார்கள். காலாண்டு முடியும்போது எதிர்பார்த்த தொகை சேரவில்லையென்றால், கணக்கை மூடாமல் சில நாள் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு முந்திய மாதத் திகதி போடுவார்கள். நிறுவனத்துக்குள் இதற்குச் செல்லப்பெயரே இருந்தது. 1998 ஜனவரி தொடக்கம் 2000 செப்ரெம்பர் வரை குறைந்தது 363 ஒப்பந்தங்களில் 3.3 பில்லியன் டொலருக்கு மேலான வருமானம் இப்படி முந்திக் காட்டப்பட்டது என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் சொன்னது. ஒப்பந்தங்கள் உண்மை, வாடிக்கையாளர் உண்மை, காசும் உண்மை. பொய்யாக இருந்தது திகதி மட்டுமே.

திகதிதானே என்று கேட்பவர்கள் லாசப்பலில் சீட்டுக் கட்டியிராதவர்கள். தொண்ணூறுகளில் நான் இருபது பேர் சேர்ந்த சீட்டொன்றில் இருந்தேன். ஒரு மாதம் இரண்டு பேர் காசு கட்டவில்லை. சீட்டுப் பிடித்தவர் அதை வெளியே சொல்லவில்லை. வேறு இரண்டு பேரிடம் அடுத்த மாதக் காசை முன்கூட்டி வாங்கி அந்த மாதத்தை நிரப்பினார். எடுத்தவருக்கு முழுத்தொகை கிடைத்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அடுத்த மாதம் தொடங்கும்போதே இரண்டு பேர் குறைவு. அதை நிரப்ப இப்போது நான்கு பேர் வேண்டும். அவர் களவெடுக்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முதல் மாதம் வாய்திறந்து சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், சீட்டு உடைந்திருக்காது. எட்டாவது மாதம் ஆளைக் காணவில்லை.

கொம்பியூட்டர் அசோசியேற்ஸுக்கு எட்டாவது மாதம் 2000 ஜூலையில் வந்தது. காலாண்டு வருமானம் குறையும் என்ற அறிவிப்பு வெளிவந்ததும் பங்கின் விலை 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அடுத்த மாதம்தான் குமார் தலைமை நிர்வாகியானார்; லாசப்பல் கடையில் நான் கேட்ட பெருமை அந்த நேரத்துப் பெருமை. விசாரணை தொடங்கியபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாறாக, அரசு விசாரணையாளருக்கும் நிறுவனத்தின் சொந்த வழக்கறிஞருக்கும்கூடப் பொய் சொன்னார்கள். திகதி மோசடியோடு நீதியைத் தடுத்த குற்றமும் சேர்ந்தது அப்படித்தான். 2004இல் குமார் பதவி விலகினார். 2006 ஏப்ரலில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நவம்பரில் பன்னிரண்டு ஆண்டுச் சிறையும் 8 மில்லியன் டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. ஏறத்தாழ 800 மில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு 2007இல் இணங்கினார். 2017இல் வெளியே வந்தார். வாங்கின் மேல் குற்றவழக்கு எதுவும் தொடரப்படவில்லை. நிறுவனத்தின் உள்விசாரணைக் குழு 2007இல் அவர்மீது குற்றம்சாட்டியது, அவர் மறுத்தார், 2018இல் காலமானார்.

நியூயோர்க்கில் இன்னொரு கொழும்புத் தமிழரான ராஜ் ராஜரத்தினம் 2011இல் பதினொரு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றபோதும் எங்களிடையே ஏறக்குறைய இதே மௌனம்தான். இருவரையும் ஒரே மூட்டையில் கட்டுவது சரியில்லை; அது உள்தகவலை வைத்து நடந்த பங்கு வியாபாரம், இது கணக்கு. மௌனம் மட்டும் ஒன்றே.

ஆள் சிறைக்குப் போனார், குத்தகைக்கு ஒன்றும் நடக்கவில்லை. 2018இல் புரோட்கொம் நிறுவனம் சீஏயை 18.9 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அதன் தலைவர் ஹொக் டான் மலேசியாவின் பினாங்கில் பிறந்தவர். பழைய மெயின்பிரேம் மென்பொருளுக்கு இவ்வளவு காசா என்று அப்போது பலர் சிரித்தார்கள். கழற்ற முடியாத குழாயின் பெறுமதி அவருக்குத் தெரிந்திருந்தது. 2023 நவம்பரில் அதே நிறுவனம் விஎம்வேர் நிறுவனத்தையும் வாங்கி முடித்தது. விஎம்வேர் இந்தத் தலைமுறையின் புதைத்த குழாய். எண்ணற்ற நிறுவனங்களின் கணினிகள் அதன்மேல் நிற்கின்றன. நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திவிட்டு சந்தாவுக்கு மாற்றினார்கள், பொருள்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து விற்றார்கள். செலவு பலமடங்கு கூடிவிட்டது என்று ஐரோப்பாவில் கூக்குரல் எழுந்தது. ஐரோப்பிய மேகக்கணினிச் சேவையாளர்களின் சங்கமான சிஸ்பே, இந்தக் கொள்முதலுக்கு ஐரோப்பிய ஆணையம் வழங்கிய அனுமதியை இரத்துச் செய்யும்படி 2025இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த முறை திகதி எதுவும் மாற்றப்படவில்லை. சந்தா மாதாமாதம் வருகிறது, கணக்கு முப்பதிலோ முப்பத்தொன்றிலோ மூடப்படுகிறது. சீஏயும்கூட 2000 ஒக்ரோபரிலேயே வருமானத்தை ஒப்பந்தக் காலம் முழுதும் பரப்பிக் காட்டும் முறைக்கு மாறியிருந்தது. அந்த மாற்றம் இரண்டு ஆண்டு முந்தி வந்திருந்தால் குமார் சிறைக்குப் போயிருக்கமாட்டார், வங்கிகளும் அதே காசைத்தான் கட்டிக்கொண்டிருந்திருக்கும். நீதிமன்றம் தண்டித்தது பங்குதாரரை ஏமாற்றியதற்காக. வாடிக்கையாளரின் முணுமுணுப்பு அந்த வழக்கில் எங்கேயும் பதிவாகவில்லை. சிஸ்பேயின் வழக்கு இப்போது எழுப்புவது அந்த விட்டுப்போன பக்கத்தைத்தான். அதனால் அது எனக்கு அமெரிக்க வழக்கைவிட முக்கியமாகப் படுகிறது.

ரூ காயில் தேத்தண்ணி குடிக்கும்போது மருமகனுக்கு இவ்வளவையும் சொன்னேன். சஞ்சய் குமார் என்ற பெயரை அவன் கேள்விப்பட்டிருக்கவில்லை. கேட்டுவிட்டு, சீட்டுக்காசு திரும்பக் கிடைத்ததா என்று மட்டும் விசாரித்தான். அரைவாசி கிடைத்தது, இரண்டு வருடம் எடுத்தது என்றேன். மாதக் கடைசி, இரவு வேலை இருக்கிறது என்று எழும்பினான்.