மருந்து அடித்த உடுப்பும் நாம் படித்த பரவலும்

வயலுக்கு மருந்து அடித்துவிட்டு அதே சேட்டோடு தேநீர்க் கடையில் இருப்பவர்களை, அதே சாரனோடு பகல் சோறு சாப்பிடுபவர்களை நாம் எல்லோரும் பார்க்கிறோம். கேட்டால், "நீட்டுக்கைச் சேட் போட்டிருந்தேன், மேலில் ஒன்றும் படவில்லை" என்பார்கள். இது சரியா என்று சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு அது தெரியும். ஆனால் அது பரீட்சைத் தாளோடு நின்றுவிடுகிறது.

1855இல் ஜேர்மன் உடற்றொழிலியலாளர் அடோல்ஃப் ஃபிக் பரவலுக்கு விதி சொன்னார். செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பொருள் நகரும். வித்தியாசம் கூடினால் வேகம் கூடும். இடையில் உள்ள படை தடித்தால் வேகம் குறையும். மறுபக்கம் போய்ச் சேர எடுக்கும் நேரமோ தடிப்பின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது தடிப்பு 2 மடங்கானால் நேரம் 4 மடங்கு. இதிலிருந்து ஒன்றை விளங்கிக்கொள்ளலாம்: உடுப்பு மருந்தை மறிப்பதில்லை, பிந்தச் செய்கிறது. அவ்வளவுதான்.

அதுவும் உடுப்பு காய்ந்திருக்கும்வரைதான். பருத்தித் துணி நனைந்துவிட்டால் நூல் இடைவெளிகளால் திரவம் நேரே உறிஞ்சப்பட்டு மேலுக்கு வந்துவிடும். பிறகு அந்தச் சேட் பாதுகாப்பு அல்ல, தோலோடு ஒட்டிவைத்த மருந்துத் துணி. வெயிலும் வியர்வையும் தோல் அதை இன்னும் உறிஞ்ச உதவும்.

இதற்காக வெறும் மேலோடு அடியுங்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீட்டுக்கைச் சேட், நீட்டுக் காற்சட்டை, கையுறை, சப்பாத்து எல்லாம் தேவை. நாம் சொல்வது, நனைந்த உடனே கழற்றுங்கள், வேலை முடிந்த கையோடு சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். பின்னேரம்வரை பொறுக்க வேண்டாம்.

அடுத்தது கழுவும் விடயம். அந்த உடுப்பைக் கழுவுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், அதுவும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையோடு சேர்த்து. நூலுக்குள் ஏறிய மருந்து வெளியே வருவதும் இதே பரவல்தான். ஒரே வாளியில் நெடுநேரம் ஊறப்போட்டால் தண்ணீரில் செறிவு ஏறும், வெளியேறுவது குறைந்து நின்றுவிடும். பக்கத்தில் கிடக்கும் மற்ற உடுப்புக்கும் ஏறும். தண்ணீரை மாற்றினால் செறிவு வித்தியாசம் திரும்பவும் கூடி, மிச்சமும் வெளியே வரும். ஆகவே வேறாகக் கழுவுங்கள், கையுறை போடுங்கள், சவர்க்காரத் தூளோடு தண்ணீரை 3 தரமாவது மாற்றுங்கள். அந்தத் தண்ணீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம்.

ஆசிரியர்களாகிய நாம் பரவலைப் படிப்பிக்கும்போது மை விட்ட தண்ணீரோடு நிறுத்தாமல் ஒரு சாயத் துணியையும் காட்டுவோம். ஒன்றை ஒரே தண்ணீரில் விட்டு, இன்னொன்றுக்கு 3 தரம் தண்ணீர் மாற்றினால் பிள்ளை கண்ணாலே காணும். வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் அதுவே சொல்லும். நாம் சொல்லிக் கேட்காதவர்களும் மகள் சொன்னால் கேட்பார்கள்.

வயல் செய்யும் உறவுகளுக்கு இதைப் பகிருங்கள்.