பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் போட்டவர்களில் பலர் சொல்லும் புகார்: "லினக்ஸ் வந்ததும் மணி ஐந்தரை மணி நேரம் ஓடிப்போச்சு!" பாவம் லினக்ஸ்.

மெஷின் அணைந்திருக்கும்போது நேரத்தைக் காப்பது, மதர்போர்டில் பட்டன் பேட்டரியில் ஓடும் குட்டிக் கடிகாரம். அது மணி சொல்லும். எந்த ஊர் மணி என்று சொல்லாது. லினக்ஸ் வழக்கமாக அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு 5.30 மணி நேரம் கூட்டிக் காட்டுகிறது. விண்டோஸோ டாஸ் காலத்துப் பழக்கத்தை விடாமல் உள்ளூர் மணியையே அதில் எழுதி வைக்கிறது.

மார்ச் 31 இரவு எட்டு மணிக்கு விண்டோஸை மூடிவிட்டு, நெட் இல்லாமல் லினக்ஸில் ஒரு பில் போட்டுப் பாருங்கள்... ஏப்ரல் 1, அதிகாலை 1.30! பில் அடுத்த நிதியாண்டுக்குப் போயாச்சு. (நெட் இருந்தால் லினக்ஸ் திருத்திக்கொள்ளும். திருத்தியதை அந்தக் கடிகாரத்திலும் எழுதும். அப்புறம் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும்!)

கேட்டால், பழைய விண்டோஸோடு ஒத்துப்போக வேண்டுமாம். 3.1-ஐ இன்னும் யார் சாமி ஓட்டுகிறார்கள்? ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்று ஒன்றைச் சேர்த்து 1 என வைத்தால் விண்டோஸும் பொது நேரத்துக்கு வந்துவிடும். அதாவது, வழி அவர்களிடமே இருக்கிறது. அதை செட்டிங்ஸில் ஒரு டிக் பெட்டியாக வைக்காமல் ரெஜிஸ்ட்ரிக்குள் புதைத்து வைப்பானேன்?